வயலில் கழற்றிய சப்பாத்து

போன மார்கழியில் நானும் தங்கை நிலானியும் லண்டனிலிருந்து கிளிநொச்சிக்குப் போனோம். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் அப்பாவின் அக்காவை, எங்கள் மாமியை, அவள் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. நிலானிக்கு இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசையாக இறுகும், கிருமி வந்து குடியேறும். சொல்லவேண்டிய இடத்தில் வாய் திறக்காத மடையன் நான். அதனால்தான் இந்தப் பதிவு.

கொழும்புக் கோட்டையில் விடிய ரயில் ஏறி, பின்னேரம் இரண்டரைக்குக் கிளிநொச்சியில் இறங்கினோம். ஸ்கந்தபுரத்துக்கு ஓட்டோவில் முக்கால் மணி நேரம், இரண்டாயிரம் ரூபாய். வழியெல்லாம் நிலானி இருமினாள். ஓட்டோக்கார ராசு அண்ணை கண்ணாடியில் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

நோயை நாங்கள் வருத்தம் என்றுதான் சொல்வோம். அவள் வாயெடுக்க முன் நான் முந்திக்கொண்டேன். "ஆஸ்மா அண்ணை. சின்ன ஆஸ்மா."

எல்லாம் அம்மாவின் உத்தரவு. நிலானிக்குக் கலியாணம் பேசுகிற நேரம், ஊரில் மூச்சு விடாதே என்று விமான நிலையம் வரைக்கும் ஓதி அனுப்பினா. "எனக்கே வெக்கமில்லை, உனக்கென்ன அண்ணா?" என்று நிலானி கேட்டாள். நான் அம்மாவின் பக்கம் நின்றேன்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. மாமியின் வயல் வீட்டிலிருந்து முந்நூறு மீற்றர். அங்கே ஒரு ஆபத்து இருப்பது எனக்குத் தெரியாததல்ல. வெப்ப நாடுகளின் சேற்றிலும் வயல் தண்ணீரிலும் ஒரு கிருமி இருக்கிறது, அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர், இவளைப் போன்றவர்களின் நுரையீரலில் ஏறினால் லேசில் இறங்காது என்று லண்டன் கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதற்காகவே முழங்கால் வரைக்குமான றப்பர் சப்பாத்து வாங்கியிருந்தோம்.

வரம்பில் மாமி மறித்தா. "சப்பாத்தோட வயலுக்கை இறங்கக்கூடாது பிள்ளை. சோறு தாற நிலமெல்லே."

நிலானி என்னைப் பார்த்தாள். மாமியிடம் நான் உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் போதும். "கழட்டு, கொஞ்ச நேரம்தானே" என்றேன். வெறுங்காலோடு இறங்கியவள் நாலாம் அடியில் வழுக்கிக் குப்புற விழுந்தாள். வாயிலும் மூக்கிலும் சேற்றுத் தண்ணீர். மாமி சிரித்தா, அவளும் சிரித்தாள், நான் படம் எடுத்தேன்.

ஆறு நாள் கழித்துக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "முந்தி ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார். நிலானி காய்ச்சலில் அரை மயக்கம். மாமி பக்கத்தில் நின்றா. நான் மறுபடி, "ஆஸ்மா" என்றேன். அந்தப் பொய்க்கு ஏற்ற வைத்தியம் இரண்டு நாள் நடந்தது.

மூன்றாம் நாள் அவளால் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை. அப்போதுதான் டொக்டரின் பின்னால் ஓடிப்போய் வயல், சேறு, உண்மையான நோய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஏசவில்லை. "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்தை மாற்றினார், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெலியோய்டோசிஸ்தான். இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி, பிறகு மாதக்கணக்கில் விழுங்கக் குளிசை. நிலானி தப்பினாள். நுரையீரலில் ஒரு பங்கு தப்பவில்லை.

மாமி கட்டில் ஓரத்தில் இருந்து அழுதா. "எனக்குச் சொல்லியிருந்தா நானே சப்பாத்தைக் கொளுவி விட்டிருப்பனே தம்பி. நிலம் என்ன கோவிக்கவே போகுது?"

நுரையீரல் வருத்தம் உள்ளவரோடு வன்னிக்குப் போகிறவர்களுக்கு: மாரியில் போகாதீர்கள், பங்குனிக்குப் பிறகு போங்கள். எப்போது போனாலும் வயல், சேறு, குளத்துத் தண்ணீர் வேண்டாம். போக முன் சொந்த டொக்டரிடம் கேளுங்கள். நோயின் பெயரைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போனீர்கள் என்று சொல்லுங்கள்.

திரும்பும்போதும் ராசு அண்ணையின் ஓட்டோதான். "இப்ப வருத்தம் எப்பிடிப் பிள்ளை?" என்றார். இந்தமுறை நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆஸ்மா இல்லை அண்ணை," என்றாள் நிலானி. நின்று மூச்சு எடுத்தாள். "சிஸ்டிக்..." மறுபடி நின்றாள். "...ஃபைப்ரோசிஸ்."

"ஓ. அப்ப தூசி படாமல் மெல்லமா ஓடுறன்," என்று அவர் பக்கத் திரையை இழுத்துவிட்டார். அவ்வளவுதான்.

வந்த அன்றே நான் பேச விட்டிருந்தால், அவள் அதை ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள்.