அவுட் ஆகச் சொன்ன கப்டன்

போன சனிக்கிழமை லாசால் பார்க்கில் எனக்கு ஓர் உத்தரவு வந்தது — அவுட் ஆகவேண்டும் என்று. உத்தரவிட்டவர் எங்கள் பேஸ்பால் கப்டன் ஜெசிந்தா.

எங்கள் மாதா கோயில் அணி மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதென்று முடிவு. அந்த நிலையில்தான் கார்டரி என்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா கப்டன் ஆனார். முதல் நாள் பயிற்சியிலேயே மட்டைகளைக் காருக்குள் வைத்துப் பூட்டினார்.

"வேலிக்கு மேலால அடிக்க எங்களிட்ட ஆள் இல்லை. ஓடுவம், பிடிப்பம், எறிவம். அது காணும்."

ஆள் இல்லையா? கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தவன் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

எதிரணியில் எல்லோரும் ஆறடிக்காரர்கள். எங்கள் அணிக்காகப் பந்து வீசியவர் ஜெசிந்தாவின் கணவர். மனைவி சைகை காட்டிய இடத்தில் பந்தைப் போட்டார் — வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. ஆறடிக்காரர்கள் இரண்டு ஓட்டம் எடுத்தார்கள். நாங்களும் இரண்டு.

எங்கள் கடைசி முறை. ஒருவர் அவுட். மூன்றாவது பேஸில், ஓட்டம் எடுக்க ஹோம் பேஸ் ஒன்றே மிச்சமாக, லூர்து நின்றாள். நர்ஸ், அணியிலேயே வேகமாக ஓடுபவள். அடிக்க வேண்டியவன் நான். ஜெசிந்தா அருகில் வந்தார்.

"அண்ணை, மட்டையை வீசாதேங்கோ. பந்து பட்டுக் காலடியில விழுந்தால் காணும். லூர்து ஓடி வந்திடுவாள்."

"அப்ப நான்?"

"நீங்கள் அவுட்."

பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

பந்து வந்தது. நெஞ்சு உயரத்தில், மெதுவாக... இப்படி ஒரு பந்து இனி வருமா? கை துடித்தது. மட்டையைச் சும்மா நீட்டினேன். 'டொக்'. பந்து காலடியில் உருண்டது. அதை அவர்கள் பொறுக்கி எடுப்பதற்குள் லூர்து ஹோம் பேஸை மிதித்துவிட்டாள். பந்து முதல் பேஸுக்குப் பறந்தது. நான் பாதி வழியில் இருந்தேன். அவுட்.

எங்களில் அடுத்தவரும் அவுட். பிறகு அவர்களின் கடைசி முறை. கடைசி ஆள் அடித்த அடி மரங்களை நோக்கிப் போனது. லூர்து பின்பக்கமாக ஓடினாள்... ஓடினாள்... பிடித்துவிட்டாள். மூன்றுக்கு இரண்டு!

எல்லோரும் லூர்துவைத் தூக்கினார்கள். ஜெசிந்தா மட்டும் என்னிடம் வந்தார்.

"நல்லா அவுட்டானியள், அண்ணை."

கண் கலங்கியது. தூசி என்று சொன்னேன்.

ஒரு குடும்பமோ அலுவலகமோ ஒழுங்காக நடக்கிறதென்றால், அங்கே யாரோ ஒருவர் சத்தமில்லாமல் அவுட் ஆகியிருக்கிறார். அவரை யார் தூக்குகிறார்கள்?

என் மனைவி எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தாள். வீட்டில் போட்டுப் பார்த்தோம். நான் மட்டையை நீட்டிய நேரம் கமரா லூர்துவின் பக்கம் திரும்பியிருந்தது. ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரிந்தது.

முழங்கை நன்றாகவே ஆடியிருக்கிறது.