எட்டு வராத பாலிசி

என் வீட்டுக்காரருக்கு எட்டு ஆகாது. பைக் வாங்கியபோது எண்ணைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று ஷோரூம்காரரோடு மல்லுக்கட்டியவர். முகப்பேரில் இந்த ஃப்ளாட்டைப் பார்க்க வந்தபோதும், தண்ணீர் ஒழுங்காக வருமா என்று நான் குழாயைத் திறந்துகொண்டிருக்க, அவர் வாசலில் நின்று கதவு எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் பகலெல்லாம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற மனிதர். அங்கே எட்டு வந்தால் என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை. சாமி விஷயத்தில் கேள்வி கேட்கக் கூடாதாம்.

அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் இருவருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் இருந்தது. போன வருஷம் அதை விட்டுவிட்டு, சம்பளம் கூடுதலாகத் தருகிற ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறினார். அங்கே சம்பளம் உண்டு, பிறந்தநாளுக்கு கேக் உண்டு, இன்ஷூரன்ஸ் கிடையாது. என் அப்பா ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததில் ஊரில் எங்களுக்கு இருந்த வீடு போனது. அதிலிருந்து எனக்குப் பேய் பயம் கிடையாது, ஆஸ்பத்திரி பில் பயம் மட்டும் உண்டு. ஒரு நாள்கூட இன்ஷூரன்ஸ் கவர் இல்லாமல் இருக்கக் கூடாது என்று நச்சரித்து, குமணன்சாவடியிலிருந்து ஒரு ஏஜென்ட்டை வரவழைத்து, பாலிசி எடுக்க வைத்தேன்.

பாலிசி போனுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். எந்தெந்த நோய்க்கு உண்டு, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று நான் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் தினத்தாளின் ஓரத்தில் பாலிசி நம்பரை எழுதிக் கூட்டினார். முகம் விழுந்துவிட்டது. எட்டு.

உடனே முத்தாபுதுப்பேட்டைக்குப் போன் போனது. அங்கே அவருடைய அக்கா, என் நாத்தனார், இருக்கிறார். தினசரி காலண்டரின் பின்பக்கத்தைப் படித்தே எண் ஜோதிடத்தில் தேறியவர். அந்தத் தெருவில் யார் பைக் வாங்கினாலும் அவர் சம்மதித்த பிறகுதான் பெட்ரோல் போடுவார்கள்.

"எட்டா? சனிய காசு குடுத்து ஊட்டுக்குள்ள இட்டாந்துகீறியா?" என்று அவர் கேட்டது போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

ஏஜென்ட் மறுபடி வந்தார். பொறுமையான மனிதர், பாவம்.

"சார், மொதல்ல கீறது ஆபீஸ் கோடு. அப்பால வருசம், அப்பால இன்னா பாலிசின்றது, கடைசில வரிசை நம்பரு. கம்ப்யூட்டர் குடுக்குது சார், நானா குடுக்கறேன்?"

"கடைசி நம்பர மட்டும் ஒண்ணு தள்ளி வாங்க முடியாதா?" என்றார் இவர்.

"அதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வழி கீது, இங்க இல்ல. புடிக்கலன்னா திருப்பிக் குடுக்கலாம், அதுக்கு இன்னும் டைம் கீது. ஆனா வாணாம் சார். கவர் ஓடிகினு கீது."

வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஒரு வார்த்தைதான் அவர் காதில் விழுந்தது. கேன்சல் செய்து வேறு எடுப்பதாக முடிவாயிற்று. ஆனால் அப்போது ஆடி மாதம். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வளர்பிறையில் வருகிறது, அன்றைக்குக் கவர் ஆரம்பிக்கட்டும் என்று முத்தாபுதுப்பேட்டையிலிருந்து உத்தரவு வந்தது.

"ஆடியில கேன்சல் மட்டும் பண்ணலாமா அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆரம்பிக்கத்தாம்மா கூடாது. வுடறதுக்கு இன்னா?"

நான் கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், சாம்பாரில் உப்பைக் குறைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பழையது கேன்சல் ஆனது. புதியது, ஆவணி வெள்ளியிலிருந்து என்று தேதி போட்டு, முன்கூட்டியே வந்தது. கூட்டினால் ஆறு. சுக்கிரனாம். அதை பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். குங்குமம் சரியாகத் தேதியின் மேல் விழுந்திருந்தது.

"நம்பர் வந்துச்சுன்னா கவர் வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல சார்," என்று ஏஜென்ட் போனில் படித்துப் படித்துச் சொன்னார். "தேதிதான் கணக்கு. அதுவரைக்கும் வண்டிய மெதுவா ஓட்டுங்க."

"நம்பர் நல்லா அமைஞ்சிடுச்சு. இனிமே இன்னா பயம்?" என்றார் இவர்.

கவர் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, லேமினேட் செய்த பாலிசியைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே அம்மன் காலடியில் அதை வைத்து எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில், கால்வாய் வேலைக்காகக் கொட்டிப் போட்டிருந்த ஜல்லியில் பைக் சறுக்கியது. ஒன்பது வரும் பைக். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. யாரோ ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஓடிப் போனபோது அண்ணியும் வந்திருந்தார்.

"பாலிசி நம்பர் இருக்கா?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் வலியில் முனகிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தார். என் போன் நம்பர்கூட அவருக்கு மனப்பாடம் கிடையாது. இது ஒரு எண்கூடப் பிசகவில்லை. அத்தனை தடவை கூட்டிக் கூட்டிப் பார்த்த பழைய நம்பர்.

"இது கேன்சல் ஆயிருக்கு சார்."

பையிலிருந்த புதியதை எடுத்து நீட்டினேன். அவள் குங்குமத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது நாளைக்குத்தான் மேடம் ஆரம்பிக்குது. இன்னிக்கு அடிபட்டதுக்குக் கிடைக்காது."

"நாளிக்குக் காலீல வியுந்தான்னு எழுதிக்கோம்மா," என்றார் அண்ணி. "விடிஞ்சா நல்ல நாளுதான்."

"வந்த நேரம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா," என்றாள் அவள்.

விபத்துக்கும் முகூர்த்தம் குறித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய இன்னொரு காலையும் நானே உடைத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வலியில் வாயெல்லாம் கோணியிருந்தது. அழுகைதான் வந்தது.

மறுநாள் காலையில் அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. இன்றுமுதல் உங்கள் குடும்பம் பாதுகாப்பில் இருக்கிறது, வாழ்த்துகள் என்று. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்தார். பத்தரை மணிக்கு ஆபரேஷன், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். இவர் படுக்கையிலிருந்து என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டு, "பன்னெண்டுக்கு மேல வச்சிக்கலாமான்னு கேட்டுப் பாரேன்," என்றார்.

நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "இப்பவே கூட்டிட்டுப் போங்க டாக்டர்," என்றேன்.

ராகு காலத்தில் சேர்த்து வைத்த எலும்பு நன்றாகக் கூடி, இப்போது மாடிப்படி ஏறுகிறார். வளர்பிறையில் ஆரம்பித்த பாலிசி அதற்கு ஒரு பைசா தரவில்லை. சொந்தமாக ஒரு வீடு வாங்க நாங்கள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் காலுக்குள் இருக்கிறது.