காரம் கொஞ்சம் தூக்கல்

எங்கள் பிளாக்கில் ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பாஷையை அல்ல, பட்டினி கிடப்பதை. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர மெஷின்கள் அந்த நாட்டிலிருந்துதான் நெய்வேலிக்கு வந்தன. அவற்றை ஓட்டப் பழகிக்கொள்ள இங்கிருந்து இரண்டிரண்டு பேராக ஆறு மாதத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சாப்பாட்டுச் செலவுக்கென்று தினப்படி ஒன்று உண்டு. அதற்குப் பேட்டா என்று பெயர். பேட்டாவைத் தின்று தீர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவனை எங்கள் பிளாக்கில் ஆண்பிள்ளையாகவே சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

அதனால் அப்பாவின் பெயர் பட்டியலில் வந்ததும், முன்னால் போய்வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து யோசனை சொன்னார்கள். தங்குகிற வீட்டில் காலைப் பலகாரம் வாடகையோடு சேர்ந்தது, மதியத்துக்கும் சேர்த்து அதையே அமுக்கிவிட வேண்டும். டிராம் ஏறக்கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. இதைச் சொன்னவர் போனபோது போலீஸ்காரர் மாதிரி கிராப்பு வைத்திருந்தவர், வந்தபோது தோளில் புரளும் முடியோடு இறங்கினார். அவர் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியவில்லை என்பார்கள்.

அப்பாவோடு சேர்ந்து போக வேண்டியவர் எதிர்வீட்டு மாமா. உறவெல்லாம் இல்லை. அவர் சேலத்துப் பக்கம், நாங்கள் இந்த மண்ணிலேயே இருந்தவர்கள். ஆனால் குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்து ஜனமும் கலந்து கிடந்ததால் முறைகளை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார், அம்மா அவரை அண்ணே என்பாள், எனக்கு அவர் மாமா. சுத்த சைவம். குளித்துவிட்டு நெற்றி நிறைய விபூதி பூசாமல் ஷிப்டுக்குப் போகமாட்டார். பேச்சு மட்டும் இனிக்க இனிக்க இருக்கும். "பேட்டாங்கறது வயித்துக்குக் குடுக்கறது இல்ல மாப்ளே, வீட்டுக்குக் குடுக்கறது. வயித்தை இங்க வந்து ரொப்பிக்கலாம்" என்று அவர் சொன்னதை அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவுக்கு அந்தப் பேட்டா எதற்கென்று எனக்கே தெரியும். நாங்கள் பயிர் வைத்திருந்த கொல்லை சுரங்கத்துக்குள் போய்விட்டது. அதற்குக் கிடைத்த பணம் அப்பாவின் தங்கச்சி கல்யாணத்தோடு சரி. அப்பா அந்தக் கொல்லை இருந்த பள்ளத்திலேயே, சக்கர மெஷினுக்கு அடியில் கிரீஸ் அடிக்கிற ஹெல்பராக இருந்தார். காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பைப் பார்த்து முன்பணமும் கொடுத்து வைத்திருந்தார். பயிற்சி முடித்து வந்தால் மெஷினை ஓட்டுகிற வேலை, சம்பளம் கூடும். அதோடு பேட்டாவும் மிஞ்சினால் தோப்பு நமக்கு. இதை அவர் தினமும் சாப்பிடும்போது சொல்லுவார். அம்மா தினமும் புதிதாகக் கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொள்வாள்.

சோற்றுக்கு வழி செய்தது அம்மாதான். அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் கட்டினாள். கடலூரிலிருந்து கூடை சுமந்து வருகிற கருவாட்டுக்காரம்மாவிடம் வாளையும் நெத்திலியுமாகப் பொறுக்கி வாங்கி, இரண்டு நாள் மறுபடி வெயிலில் போட்டு, காகிதத்தில் சுற்றி, துணியில் சுற்றி, கடைசியில் தலையணைக்குள் பஞ்சை எடுத்துவிட்டுத் திணித்துத் தைத்துவிட்டாள். அப்பா அந்தத் தலையணையை அணைத்துக்கொண்டுதான் பம்பாய் ரயிலேறினார். விமானத்திலும் மடியில்தான் வைத்திருந்தாராம்.

ஆறு மாதத்துக்குப் போனவர் மூன்றாம் மாதமே வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கூடத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஏம்ப்பா சீக்கிரம் வந்துட்டே என்று கேட்டேன். "உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு, வந்துட்டேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருடைய அப்பாவும் அப்படி ஜெர்மனியை உதறிவிட்டு வந்ததில்லை. மறுநாள் வகுப்பில் ஒருத்தி விடாமல் சொன்னேன். மிஞ்சிய புளியை அவர் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஜெர்மனி போய்வந்த புளி என்று அதில் ஆளுக்கொரு சுளை கிள்ளிக் கொடுத்துச் சிநேகிதம் சம்பாதித்தேன்.

நடந்தது என்னவென்று குழாயடியில்தான் வெளியே வந்தது. அங்கே குளிர்காலம், ஜன்னல் திறக்க முடியாது. வெந்நீர் வைப்பதற்கு விட்டிருந்த அடுப்பில் அப்பா தினமும் ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறார். நாற்றம் மாடிப்படி வழியாக நாலு வீட்டுக்கும் போய், யாரோ செத்து அழுகிக் கிடக்கிறார்கள் என்று போலீஸ் வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் பிணத்தைத் தேடியவர்கள் தலையணையைக் கிழித்துப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார்களாம். வீட்டுக்காரி அவரை வைத்திருக்க முடியாது என்றாள். பயிற்சி கொடுத்த இடத்தில் விசாரித்தார்கள். கூடத் தங்கியிருந்த மாமா, தான் பிறவி சைவம், அந்தக் கருமத்தைத் தொட்டதுகூட இல்லை, நாற்றத்தில் தனக்கே மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்று சொன்னார். விபூதி பூசிய நெற்றியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அவரை வேறு வீட்டில் தங்கவைத்தார்கள். அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதை மாமாவின் பெண்டாட்டி, எதிர்வீட்டு அத்தை, குடத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். மாமாவுக்கு அங்கே சோறே இறங்கவில்லையாம், எழுதியிருந்தாராம். அம்மா அன்றைக்குப் பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

அப்பாவுக்கு ஜெர்மன் கருவாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். சின்னப் பையன்கள் அவர் சைக்கிளைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு வேறு நாட்டுப் பெயர் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். அப்பா பயிற்சி முடிக்காததால் பழையபடி கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தது தோப்பின் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூர் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். முன்பணம் திரும்பவில்லை.

அம்மா எதையும் அப்பாவிடம் கேட்கவில்லை. தான் கட்டிக்கொடுத்த தலையணையால் வந்த வினை என்று அவளுக்குள் ஒரு தீர்மானம். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள். அந்த மனுஷனை மூன்று மாதம் தூங்கவிடாமல் செய்துவிட்டோமே என்ற வெட்கம். அப்பாவும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை.

மாமா ஆறு மாதமும் இருந்து, கைக்கடிகாரமும் பளபளக்கிற பெட்டியுமாக வந்திறங்கினார். வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல்படியிலேயே நின்று, "எங்களால உங்களுக்கு ரொம்ப கஷ்டமாப் பூடுச்சிண்ணே. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்றாள். மாமா அதெல்லாம் என்னம்மா, விடு விடு என்று கையை வீசினார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா காபி போட உள்ளே போனாள்.

மாமா பையிலிருந்து வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அதைப் பாவாடையில் முடிந்துகொண்டு அவர் நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்தேன். அங்கே நீங்கள் என்ன மாமா சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் குழந்தைகளிடம் விளையாட்டு அதிகம். என் காதருகே குனிந்து, சிரித்துக்கொண்டு, "உங்கம்மா கருவாடுதான். காரம் கொஞ்சம் தூக்கல்டி, கண்ணுல தண்ணி வந்துடும்" என்றார்.

நான் அப்படியே குதித்து உள்ளே ஓடினேன். சமையலைப் பற்றி யார் எது சொன்னாலும் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. "அம்மா, உன் கருவாட்டுல காரம் தூக்கலாம், மாமா சொல்றாரு" என்றேன்.

அம்மா டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற கை அப்படியே நின்றது. இன்னொரு தரம் சொல்லு என்றாள். சொன்னேன். அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். போர்த்திக்கொண்டு வந்தவள், இப்போது அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு காபியை எடுத்துப்போனாள். மாமா முன்னால் வைத்தாள். அங்கேயே நின்றாள்.

"காரம் ரொம்ப ஜாஸ்தியாவா இருந்துச்சிண்ணே?"

சத்தமாகக் கேட்கவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்த மாமாவுக்கு அதைக் குடிக்கவும் வரவில்லை, வைக்கவும் வரவில்லை. அப்பாதான் பேசினார். "ஆறிடப் போவுது, குடிங்க."

மாமா குடிக்காமலே எழுந்து போனார். கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டே போனார்.

அம்மா அந்தக் காபியை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். திரும்பி வந்து கேட்டாள். "உனுக்குத் தெரியுமில்ல?"

"தெனம் ஒரே சட்டியிலதான் தின்னோம்" என்றார் அப்பா. "நான் சொன்னா மட்டும் யாரு நம்பப் போறாங்க. உடு. அவனும் பசியிலதான் தின்னான்."

"தின்னதுக்கு நான் என்னா சொன்னேன்? நம்ப கையால தின்னுட்டு, தொடலேன்னாரே."

மறுநாள் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. மாமா சக்கர மெஷினின் மேலே கண்ணாடி அறைக்கு ஏறினார். அப்பா அதே மெஷினின் அடியில் கிரீஸ் டப்பாவோடு குனிந்தார். ஓய்வு பெறும்வரை அவர்கள் இருவரும் அப்படித்தான் ஒன்றாக வேலை பார்த்தார்கள்.

எனக்கு அன்றைக்கு வேறு கவலை. கருவாட்டுக்காரம்மா அந்த வாரம் வந்து குரல் கொடுத்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் எங்கள் வாசலில் கூடை இறக்குவதையே விட்டுவிட்டாள். அம்மாவின் சமையலை ஒருத்தர் குறை சொல்லிவிட்டார், அது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் படுத்திருந்தபோது அவளைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு, அடுத்த தடவை மிளகாய்த்தூளைக் கொஞ்சம் குறைத்துப் போடு, மாமா நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார் என்றேன்.

அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். சரி, குறைச்சிப் போடறேன் என்றாள்.