அவள் சேர்த்த மெமரி

அவள் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா தோட்டத்துக் கனகாம்பரத்தைத் தொடுத்துக்கொண்டு வந்து, ஆபீஸில் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு முழம் கொடுப்பாள். நான் வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவேன். அது அங்கேயே வாடிக் கிடக்கும்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு மாடியில், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சின்ன ஆபீஸ். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் டவுன் கான்வென்டில் படித்த டீச்சர் மகள். இங்கிலீஷிலேயே அவளை முந்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆறே மாதத்தில் பெரிய வேலை அவளுக்குப் போனது. கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு, அதை நிறுத்தாமலேயே கூடுதல் மெமரி சேர்ப்பது அவள் வேலை. அந்த இயந்திரம் செத்து விழுந்தால், அதன் மெமரியில் இருந்ததை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவைப்பது என் வேலை. அதைப் படித்துத்தான் சாவுக்குக் காரணம் தேட முடியும். எனக்குப் போஸ்ட்மார்ட்டம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள், தான் சேர்க்கும் மெமரியும் என் கோப்பில் வருமா என்று கேட்டாள். வராது என்று எனக்குத் தெரியும். இயந்திரம் கிளம்பும்போது இருந்த மெமரியின் பட்டியலை மட்டும்தான் என் நிரல் வைத்திருந்தது. பிறகு சேர்ந்தது, ரேஷன் கார்டில் பேர் ஏறாத பிள்ளை மாதிரி. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே இருந்தேன்.

வாடிக்கையாளரிடம் இயந்திரங்கள் விழ ஆரம்பித்தன, அதுவும் அவள் எழுதிய நிரல் வழியாக மெமரி சேர்த்த பிறகு. கோப்பிலோ அந்தப் பகுதி மட்டும் இல்லை. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவள் வேலையை எனக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

அவள் தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில்தான் என் நிரலைத் திருத்தினேன். மெமரி சேரும்போதெல்லாம் பட்டியலும் புதிதாகும்படி செய்ய மூன்று நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை இயந்திரத்தை மறுபடி விழவைத்தபோது, முதல் முறையாக முழுக் கோப்பும் வந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தே திறந்தேன். அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

அவள் சேர்த்த மெமரியின் நடுவில், சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி கிடந்தது. இயந்திரத்தில் நடப்பதைக் குறித்துவைக்க, வேலையில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய சின்ன நிரலின் வரி அது. தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் போய் அவள் இடத்தில் எழுதி, இயந்திரத்தை விழவைத்திருந்தது.

"இது உன்னோடதுதானே?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குள் மேனேஜர் வந்து, யாருடைய தப்பு என்று கேட்டார்.

"ரெண்டு பேரோட புரோகிராமும் சேந்து ஓடுற எடத்துல சார். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் சரி பண்ணிருவோம்" என்றாள் அவள்.

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அவளை வெறுத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவள் வேலைமேல் இருந்த பொறாமையெல்லாம் அதற்குப் பிறகு அவள் மனசின்மேல் வந்த பொறாமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மேனேஜரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.