மைனஸ் எட்டு சென்ட்

மனைக்குள் கால் வைக்குமுன் லக்ஷ்மிநாராயணன் செருப்பைக் கழற்றிவிடுவார். ஈசானிய மூலைக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மனை தமக்கு வலப்பக்கம் இருக்கும்படி டேப்போடு புறப்படுவார். கோயிலைச் சுற்றுவது போலத்தான். முப்பது வருஷமாக எருக்கங்காடோ சாக்கடையோரமோ, எதுவானாலும் அவருக்குப் பிரதட்சிணம். நடந்த வரிசையிலேயே மூலைகளை நோட்டில் எழுதுவார். "நடந்தது ஒண்ணு, எழுதறது ஒண்ணுன்னா அவன் சர்வேயரா ஓய்?" என்பார், யாரும் கேட்காமலே.

தொண்ணூற்றொன்பதில் அவருக்குக் கம்ப்யூட்டர் பித்து பிடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன் ஸ்ரீராகவ் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, பைத்தான் என்ற மொழியில் பத்து வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். மூலைகளை அட்டவணையாக அடித்தால் பரப்பளவு வந்து விழும். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் காப்பிக்கு முன்னால், பையன் எழுதி வைத்த மாதிரி அட்டவணைகளையே திரும்பத் திரும்ப அடிப்பார். நாற்பது நாளும் அதே விடை வந்தது, நாற்பது நாளும் "பாத்தியா!" என்று மனைவி நாகலக்ஷ்மியைக் கூப்பிட்டார். வண்ணார்பேட்டை ஆபீஸ் வாசலில் 'கம்ப்யூட்டர் நில அளவை' என்று போர்டும் ஏறியது.

போர்டுக்குப் பின் முதல் மனை இன்பமணி டீச்சருடையது. அம்பாசமுத்திரம் ரோட்டில் எட்டு சென்ட். குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வரைபடம் கொடுத்தால்தான் புது வீடு கட்ட அனுமதி கிடைக்கும். வழக்கம்போல வலம் வந்து அளந்து, நோட்டில் இருந்த வரிசையிலேயே மூலைகளை அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டுக் காகிதத்தைத் துப்பியது. மைனஸ் எட்டு சென்ட்.

டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன சார் அநியாயமா இருக்கு! மைனஸுன்னா நான்லா யாருக்கோ எட்டு சென்டு குடுக்கணும்? திங்கக்கிழம எங்க சர்ச் ஐயரு அஸ்திவாரக் கல்லு வைக்க வாராரு சார்!"

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போனது. ஸ்ரீராகவ் சிரித்தான். "கடிகார முள் சுத்தற பக்கமா எழுதினா மைனஸ்தான் வரும் பெரியப்பா. நான் குடுத்த மாதிரியெல்லாம் எதிர்ப்பக்கம். கீழேர்ந்து மேல டைப் பண்ணிடுங்கோ, போதும்."

"நடக்காத வரிசைய எழுதச் சொல்றான், படவா!" என்று போனை வைத்தார்.

"எதிர்ப்பக்கமா ஒரு தடவ நடந்துருங்களேன் சார். எங்க வேதத்துல அது குத்தமில்ல" என்று டீச்சர் கெஞ்சினார்.

"அப்பிரதட்சிணமாவா? சிவ சிவா!"

"அப்ப பழையபடி பேனாவால போட்டுத் தாங்க."

"போர்டு வச்சாச்சே டீச்சர்."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லக்ஷ்மிநாராயணனுக்குப் பாவமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் வெயில் ஏறுமுன் இருவரும் மனைக்குப் போனார்கள். செருப்பைக் கழற்றினார். ஈசானியக் கல்லைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். டேப்பின் நுனியை டீச்சரிடம் கொடுத்து, கிழக்கே பார்த்து நின்றார். பிறகு வடமேற்கு மூலையை நோக்கிப் பின்பக்கமாகவே அடி வைக்கத் தொடங்கினார். மனை அப்போதும் அவருக்கு வலப்பக்கமே இருந்தது; மூலைகளின் வரிசை மட்டும் எதிர்ப்பக்கமாயிற்று.

"பைய போங்க சார், பின்னால முள்ளு கெடக்கு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வெறும் குதிகாலால் அடுத்த கல்லைத் துழாவினார்.