சின்னவனுக்கு ஒரு பிடி சோறு

தொட்டால் ஜில்லென்றிருக்கும், நடந்தால் சரசரக்கும். லயத்தில் வேறு எவளுக்கும் வாய்க்காத பாவாடை அது. வானத்திலிருந்து இறங்கிய ஓர் அமெரிக்க விமானியின் குடையை வெட்டி, ஜப்பான்காரன் போன பிறகு அம்மா எனக்குத் தைத்துக் கொடுத்தாள். எல்லாரும் அதைக் 'குடைத்துணி' என்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, கேட்காதீர்கள்!

சிங்கப்பூருக்கு வடக்கே, டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். 'எங்கள்' என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்பும்தான் எங்களுக்கு. அப்பா முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனைச் சியாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான், போனவன் போனவன்தான். யுத்தம் முடிகிற தறுவாயில், சிங்கப்பூரில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானம் ஒன்று தீப்பிடித்துத் தோட்டத்தை ஒட்டிய சதுப்பில் விழுந்தது. அதை ஓட்டியவன் குடையோடு ரப்பர் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். பாலுக்கு மரம் சீவப் போன அம்மா அவனைக் கீழே இறக்கி, சதுப்போரத்துப் பழைய கொட்டகையில் ஒளித்துவைத்தாள். ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் தலை போகும். "போனா போகட்டும், மீசை கூட சரியா மொளைக்காத புள்ளைய எப்படி விட்டுட்டு வர்றது?" என்பாள் பின்னாளில்.

மண்ணில் கீறிக் காட்டியும் ஜாடை காட்டியுமே அவன் தன் கதையைச் சொல்லியிருக்கிறான். பேர் டேனி, ஊரில் கோதுமை வயல், நாலைந்து மாடு, அம்மா மட்டும், பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றவன். கூட வந்தவர்கள் எல்லாரும் குதிக்கும்வரை, தீ காலைச் சுடச்சுடப் பிடித்த பிடியை விடாமல் விமானத்தை நேராக ஓட்டிவிட்டுக் கடைசியில்தான் குதித்தானாம். அவர்கள் பிழைத்தார்களா என்று அம்மாவிடம் விரல்களை மடக்கி மடக்கிக் கேட்பானாம். எனக்கு நேராக ஞாபகம் இருப்பதெல்லாம், என் உள்ளங்கையைப் பிடித்து உயரப் பறக்கவிட்டு வாயாலேயே அவன் போட்ட விமானச் சத்தம்தான். வெந்த கால் சீழ் பிடித்துக் காய்ச்சலில் செத்துப்போனான். கொட்டகைக்குப் பின்னாலேயே அம்மா புதைத்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் 'பெரியவன்', டேனி 'சின்னவன்'. பெரியவனுக்குத்தான் குழி எங்கே என்றே தெரியாதே! அதனால் தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படைக்கும்போது, சின்னவன் குழிமேட்டில் இரண்டு இலை விழும்.

பிறகு, வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 'அவசரகாலம்' வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. 'காட்டுக்காரன்' கைக்குப் போய்விடுமென்று ஒரு பருக்கையைக்கூட வெளியே விடமாட்டார்கள். அந்த வருடத் தீபாவளிக்கு முந்தின நாள் காலையில், அம்மா சோற்றுப் பொட்டலத்தைப் பால்வாளிக்குள் ஒளித்து எடுத்துப்போய்ச் சோதனையில் மாட்டிக்கொண்டாள். காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று பிடித்துப் போனார்கள்.

மொழிபெயர்க்க வந்த தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி என்னையும் ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனார். "உண்மையச் சொல்லிடு லா. ஒன்ன ஊருக்குக் கப்பலேத்திட்டா இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?" என்றார். நான் ஓவென்று அழுதேன். அம்மா என்னையே பார்த்தாள், பிறகு சின்னவன் குழியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

"படைக்கிறதுதான் படைக்கிற, அங்கயே தோண்டி ரெண்டு மரவள்ளிக் கெழங்க வெச்சிருக்கக் கூடாதா?" என்று கிராணி கடிந்துகொண்டார்.

"ஜப்பான்காரன் காலத்துல அந்தப் புள்ளைக்குக் கெழங்கத்தானேய்யா போட்டேன்! ஒரு பிடி சோறு போட வக்கில்லாம சாகவிட்டேனே. செத்தப்புறமும் கெழங்கா?"

போலீஸ்காரர்கள் நம்பவில்லை. போய்த் தோண்டினார்கள். எலும்போடு, கழுத்தில் கிடந்த தகட்டில் அவன் பேரும் கிடைத்தது. அம்மாவை விட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஓர் அமெரிக்க அதிகாரி ஜீப்பில் பெட்டியோடு வந்தார். டேனியின் அம்மா இன்னும் இருக்கிறாள், மகனைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள் என்று கிராணி வழியாகச் சொன்னார். அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, பாவி மக, எத்தன வருசமா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காளோ! கொண்டு போங்கய்யா, அவ வயித்துல பால வாருங்க" என்றாள்.

எலும்பை வைத்துப் பெட்டியை ஏற்றியதும் ஓடிப்போய் அந்த அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, இதே மாதிரி சியாமுக்கும் ஒரு நடை போய் வாங்கய்யா. எம் பெரியவன் அங்கதான் கெடக்கான். நெத்தியில தழும்பு இருக்கும்."

கிராணி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். தம் நாட்டுப் பிள்ளைகளைத் தேடத்தான் அவருக்கு உத்தரவாம்.

"அப்ப எங்க புள்ளைங்கள தேட யாருக்கு உத்தரவு?"

இதைக் கிராணி மொழிபெயர்க்கவில்லை.

இன்றைக்கு அந்தச் சதுப்பைத் தூர்த்து வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். லயமும் இல்லை, முள்கம்பியும் இல்லை. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. அம்மாவை நினைத்துத்தான். சாகும்வரை, வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே ஓடி வருவாள். வந்தவர்கள் எல்லாரும் வேறு யாரையோ தேடி வந்தவர்கள்.