வடக்கே திரும்பிய புயல்

அந்தப் புயலை எங்கள் வீட்டில் சென்னைச் சானலில்தான் பார்த்தோம். ஊர் சித்தூர் மாவட்டம், நகரிக்கு மேற்கே. வீட்டில் பேச்சும் டிவியும் தமிழ். கடைத்தெருவில் எல்லோருமே தெலுங்கு பேசுவோம். வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு.

இரண்டு நாளாகத் திரையில் ஒரு வெள்ளைச் சுழி கடல்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறியது. எல்லைக்கு மேலே நிறமே கிடையாது. நாங்கள் அந்த வெற்றிடத்தில் இருந்தோம்.

சித்தப்பாவின் இரண்டு மாடுகளும் ஒரு கன்றும் ஓடைக்கு அக்கரையில், கொட்டகையில் இருந்தன. தண்ணீர் வருமுன் ஓட்டிவர வேண்டும். மதியம் அவர் கயிறும் கையுமாகக் கிளம்பியபோது டிவியில் சொன்னார்கள்: புயல் வடக்கே திரும்பிவிட்டது, ஆந்திரக் கரையைக் கடக்கும், தமிழகத்துக்கு ஆபத்து நீங்கியது.

“அப்பாடா, பூட்ச்சு,” என்று கயிற்றைப் போட்டார் சித்தப்பா. “அண்ணி, சோறு போடு. மாடு அங்கியே கெடக்கட்டும்.”

ஆந்திராவுக்குப் போன புயலை நினைத்து, ஆந்திராவில் உட்கார்ந்து நிம்மதியடைந்தோம்.

அவர் சாப்பிடும்போது அம்மாவின் போனுக்குத் தெலுங்கில் அரசுச் செய்தி வந்தது. முதல் வரியில் எங்கள் மாவட்டமும் மிகக் கனமழையும் இருந்தன. தமிழில் சொன்னேன்.

“அது தெலுங்குக்காரங்களுக்கு வந்துது கண்ணு. நீ எப்ப மாறின?” என்றார் சித்தப்பா. “நாலு எழுத்து படிச்சிகினு வந்து என்னியே பயமுறுத்துறியா?”

அம்மா சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மீதியைப் படிக்காமல் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மழையில் சித்தப்பா பால் கறக்கப் போனார். கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பி இறங்கியபோது ஓடையில் முழங்கால் அளவுதான் இருந்ததாம். மலையில் பெய்ததெல்லாம் ஒரே வீச்சில் வந்தது. மூன்றாம் நாள், நாலு கிலோமீட்டர் கீழே, ஒரு சிறுபாலத்துக் குழாயில் அவரை எடுத்தார்கள். மாடுகள் இரண்டும் மேட்டில் பத்திரமாக நின்றன. மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன.

என் அப்பா, நைனா, திருப்பதியில் கட்டட வேலையில் இருந்தார். பஸ் அன்றுதான் ஓடியது. அவர் வருவதற்குள் அம்மா போனோடு என்னிடம் வந்தாள். துக்கத்துக்கு வந்த யாரோ அந்தச் செய்தியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

“இதுல ஓடை தாண்டாதேன்னு இருக்குதா?”

இருந்தது. நான்காவது வரியில்.

“அதையும் சித்தப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

செய்தி வந்த அன்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அம்மா. திரையைப் பார்த்தாள். அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. அன்று நான் எத்தனை வரி சொன்னேன் என்று தெரியும். செய்தியை அழித்தாள்.

“நைனா கேட்டா, அப்பிடி ஒண்ணும் வர்லன்னு சொல்லு.”

அவள் என்னை நம்பிவிட்டாள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.